கதையில்லாத பாலேயில் எதைப் பார்ப்பது?

நியூயார்க் சிட்டி பாலே போன்ற குழுக்கள் ஒரே மாலையில் மூன்று நான்கு சிறு பாலேக்களை, பழையதும் புதியதுமாகக் கலந்து ஆடுகின்றனவே, கதையே இல்லாமல் அதில் எதைப் பார்ப்பது என்பது கேள்வி.

கதையைத் தேடாதீர்கள், இசைக்கு உடல் என்ன பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். அந்தக் குழுவை நிறுவியவர்களில் ஒருவரும் நடன அமைப்பாளருமான ஜார்ஜ் பாலன்சீனின் இரண்டு படைப்புகளே போதும். 'செரனேட்' 1934இல் மாணவிகளுக்காக அமைத்தது. சைக்கோவ்ஸ்கியின் இசை. திரை விலகினால் 17 பெண்கள் ஒரு கையை உயர்த்தி நிற்பார்கள். ஒத்திகையில் ஒருத்தி தாமதமாக வந்தாள், ஒருத்தி விழுந்தாள். இரண்டையும் மனிதர் நடனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்!

1957இல் வந்த 'அகோன்' வேறு ரகம். ஸ்ட்ராவின்ஸ்கியின் வெட்டுவெட்டான இசை, 12 பேர், பயிற்சி உடை, வெறும் மேடை. தொடக்கத்திலேயே நான்கு ஆண்கள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அடவுகள் மரபான பாலேயுடையவைதான். ஆனால் இடுப்பு அச்சிலிருந்து விலகும், சமநிலை கவிழும் விளிம்புவரை போகும். அதன் இருவர் நடனத்தை முதலில் ஆடியவர்கள் வெள்ளையரான டயானா ஆடம்ஸும் கறுப்பரான ஆர்தர் மிட்செலும். அன்றைய அமெரிக்காவில் அது சாதாரண விஷயமல்ல.

என்னைக் கேட்டால், இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதுதான் இப்படிப்பட்ட மாலையின் முழு லாபம். முன்வரிசைச் சீட்டுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வரிசைகள் கூடிக் கலையும் அழகு மேல்மாடத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும்.