பழைய கால்வாய்க் கையேடுகளில் எதை நம்பலாம்?

இங்கிலாந்துக் கால்வாய்களைப் பற்றிய பழைய கையேடுகளில் எது நம்பகமானது, மலேசியாவில் அப்படி ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை இரண்டு நூல்கள் போதும்.

முதலாவது, ஜோசப் பிரீஸ்ட்லி 1831இல் வெளியிட்டது. ஒவ்வொரு கால்வாய்க்கும் எந்த ஆண்டு என்ன சட்டம் வந்தது, எந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்கம் என்று அகரவரிசையில் போகும். தூக்கம் வந்துவிடும். ஆனால் யாருக்கு என்ன உரிமை இருந்தது என்று தேடுகிறவர் இதைத்தான் புரட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்தது 1904இல் ஹென்றி டி சாலிஸ் தொகுத்த பிராட்ஷா கையேடு. மனிதர் சரக்குப் படகு கம்பெனி ஒன்றின் இயக்குநர். ஆண்டுக்கணக்கில் நீராவிப் படகில் சுமார் 14,000 மைல் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதினார். எந்த லாக்கில் (படகை ஏற்றி இறக்க நீர்மட்டத்தை மாற்றும் கதவுத் தொட்டி) எவ்வளவு நீள, அகலப் படகு நுழையும் என்று சொல்லிவிடுவார். அதில்தான் விஷயமே இருக்கிறது. லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் லிவர்பூலிலிருந்து போகும்போது விகன் ஊரைத் தாண்டினால் லாக்குகளின் நீளம் 62 அடிதான். எழுபது அடிப் படகுக்காரர் அங்கேயே சரக்கை இறக்க வேண்டியதுதான். வரைபடத்தைப் பார்த்தால் இது தெரியாது.

தூரமெல்லாம் மைல், ஃபர்லாங் கணக்கு. கெடாவில் எங்கள் குரூண் பக்கத்துத் தோட்டங்களில் கான் (வடிகால்) வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சங்கிலிக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசுவார்கள். 66 அடி ஒரு சங்கிலி, பத்துச் சங்கிலி ஒரு ஃபர்லாங்.

மலேசியாவுக்கு அந்த மாதிரிக் கையேடு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அலோர் ஸ்டாருக்கு பஸ்ஸில் போனால் சாலையோரம் கூடவே வருகிறதே, வான் மாட் சாமான் கால்வாய், அதை 1885இல் வெட்டத் தொடங்கினார்கள். அப்போது கெடா சயாமின் கீழ் இருந்தது. கோடு நேராக அமைய இரவில் பந்தங்களை வரிசையாக ஏற்றிப் பார்த்தார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாலத்துக்குப் பாலம் எவ்வளவு தூரம், எங்கே எவ்வளவு ஆழம் என்பதைக் கதையிலிருந்து எடுக்க முடியாதே. அதற்கு 1909க்குப் பிறகு பிரிட்டிஷ் ஆலோசகர்கள் எழுதிய கெடா ஆண்டறிக்கைகளையும் பழைய நில அளவை வரைபடங்களையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். பிரீஸ்ட்லி, டி சாலிஸ் இருவரையும் இன்டர்நெட் ஆர்கைவ் (archive.org) தளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.