கால் நீட்டினால் கதவு: கட்டிலை எங்கே போடுவது?

வணக்கம். கட்டிலில் படுத்தால் கால்கள் நேராகக் கதவை நோக்குகின்றன, திருப்பிப் போட்டால் தலைமாடு ஜன்னலுக்கு அடியில் வருகிறது, எதிரே அலமாரிக் கண்ணாடி வேறு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இதைப் பற்றி நீங்கள் படித்த இரு ஃபெங் சுயி (வீட்டையும் அறையையும் அமைப்பதற்கான சீன மரபு) குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகவும் சொல்லியிருந்தீர்கள்.

ஃபெங் சுயி முதலில் கேட்பது, படுத்தபடியே கதவு கண்ணில் பட வேண்டும், ஆனால் கட்டில் அதன் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, தலைக்குப் பின்னால் உறுதியான சுவர் வேண்டும் என்பதே. கால்கள் கதவை நோக்குவதைச் சீன மரபு விலக்குவது, இறந்தவரைக் கால் முன்னதாக வெளியே கொண்டுசெல்லும் வழக்கத்தை அது நினைவூட்டுவதால்தான். எனவே கட்டிலைத் திருப்பாமல், அதே சுவரோடு பக்கவாட்டில் நகர்த்தி, கதவின் கோட்டிலிருந்து இயன்ற அளவு விலக்கிப் பாருங்கள். அதற்கும் இடமில்லையென்றால் கால்மாட்டில் உயரம் குறைந்த பெட்டி ஒன்றை வையுங்கள். ஜன்னலடியே கதி என்றானால், உயரமான தலைப்பலகையும் கனத்த திரையும் சுவரின் வேலையை ஓரளவு செய்யும்.

கண்ணாடிக்கு இரவில் ஒரு துணித்திரை போதும். நள்ளிரவில் விழிப்பவர் தம் நிழலசைவைக் கண்டு திடுக்கிடாமல் இருப்பதே எனக்குப் போதுமான காரணமாகத் தெரிகிறது.

அந்த இரு குறிப்புகள் முரண்படுவதில் வியப்பில்லை, ஃபெங் சுயியிலேயே வெவ்வேறு முறைகள் உண்டு. பழைய முறை திசைகாட்டியால் திசையைக் கணிக்கிறது. 1980களில் லின் யுன் என்ற ஃபெங் சுயி ஆசிரியர் அமெரிக்காவில் பரப்பிய ‘கருந்தொப்பி’ என்னும் புதிய பிரிவோ வாசலை வைத்தே அறையைப் பகுக்கிறது. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் கலந்தால் கட்டில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.