புழுவும் மருந்தைச் செரிக்குமா?

கேள்வி: பதினெட்டு வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து கொடுக்கிறேன். முன்பு நன்றாகக் கேட்டது. இந்த முறை இரண்டு வாரமாகியும் நான்கு ஆடுகளுக்குத் தாடை வீக்கம் வற்றவில்லை. புழு மருந்தையே செரித்துவிடும் என்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். உண்மையா?

பதில்: முதலில் அந்த நான்கு ஆடுகளையும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தாடை வீங்கினால் ரத்தம் நிறையப் போயிருக்கலாம். பெரும்பாலும் இது நான்காம் இரைப்பையில் வாழும் ஹீமாங்கஸ் புழுவின் வேலை. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் குடிக்கும்; ஆயிரம் புழு என்றால் 50 மில்லி.

காட்டுக்காரர் சொன்னதில் உண்மை உண்டு. உள்ளே வரும் அல்பெண்டசோலுடன் இந்தப் புழுவின் நொதிகள் குளுக்கோஸை ஒட்டவைத்து, அதை எளிதில் வெளியேறும் பொருளாக மாற்றுகின்றன. நம் கல்லீரலும் இப்படித்தான் மருந்துகளைக் கழிக்கிறது. அது ஒட்டுவது குளுக்குரோனிக் அமிலத்தை. மருந்துக்கு அடங்காத ஹீமாங்கஸ் புழுக்களில் இந்த வேலை கூடுதலாக நடப்பதைச் செக் நாட்டின் சார்லஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் முக்கியக் காரணம் வேறு. அல்பெண்டசோல் பற்றிக்கொள்ள வேண்டிய டியூபுலின் என்ற புரதமே அந்தப் புழுக்களில் சற்று மாறியிருக்கும். பூட்டு மாறிவிட்டது, பழைய சாவி சேராது. அளவு குறைந்த மருந்தைக் கொடுக்கக் கொடுக்க, இப்படிப்பட்ட புழுக்களே தப்பிப் பெருகும். இங்கேதான் வெள்ளாடு வளர்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். செம்மறியைவிட வெள்ளாட்டின் கல்லீரல் இந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடும். செம்மறிக்கான அளவை, அதுவும் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் கொடுத்தால் போதாது. எடை போட்டு, வெள்ளாட்டுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். எல்லா மருந்துக்கும் நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். லெவமிசோல் என்ற இன்னொரு குடற்புழு மருந்து கொஞ்சம் கூடினாலும் ஆபத்து. சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கூடாது.

அப்புறம், மருந்து கேட்கிறதா என்று பாருங்கள். கொடுக்கும் அன்றும் பதினான்காம் நாளும் அதே ஆடுகளின் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முட்டைகள் 95 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் இந்த மருந்தை நம்ப முடியாது. ஃபென்பெண்டசோலுக்கு மாறுவதும் உதவாது. அதுவும் அதே குடும்பம். வேறு குடும்ப மருந்தை மருத்துவர் சொல்லட்டும். இனிமேல் மூன்று மாதக் கணக்கு வைத்து எல்லா ஆட்டுக்கும் கொடுக்க வேண்டாம். கீழ் இமையை இறக்கிப் பார்த்து, உள்புறம் வெளுத்திருக்கும் ஆடுகளுக்கு மட்டும் கொடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.