பாம்பின் பல்லில் டாலர்

கேள்வி: பிரபல ராக் குழுக்கள் காசுக்கு விலைபோனதைக் கிண்டலடித்துப் போஸ்டர் போடும் ஓவியர்களைப் பெரிய கலகக்காரர்களாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர்களில் பலர் அதே இசை வியாபாரத்தில் வேலை பார்த்தவர்கள். கூலி வாங்கிக்கொண்டு முதலாளியைக் கேலி செய்வது துரோகம் இல்லையா? செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஓவியர் ஜேமி ரீட் செய்தது அதுதானே?

பதில்: கூலி என்று எழுதியிருக்கிறீர்கள். துரோகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தக் கூலி எவ்வளவு என்று பார்த்துவிடுவோம்.

1970இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்கு ஐரோப்பியச் சுற்றுப்பயணப் போஸ்டர் ஒன்று தேவைப்பட்டது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட், ஜான் பாஷ் என்ற மாணவரைக் கைகாட்டியது. அவர் முதலில் வரைந்து காட்டியது குழுவின் பாடகர் மிக் ஜாகருக்குப் பிடிக்கவில்லை, அடுத்தது பிடித்தது. அந்த அறிமுகத்தில்தான் குழுவுக்கு ஒரு சின்னமும் கேட்டார்கள். சிவந்த உதடும் வெளியே நீட்டிய நாக்குமாக உலகம் முழுக்கப் பனியனில் தொங்குகிறதே, அதுதான். அதற்கு அவருக்குக் கிடைத்தது 50 பவுண்டு. இரண்டு வருடம் கழித்து இன்னொரு 200 பவுண்டு கொடுத்தார்கள். பிறகு விற்பனையில் பங்கும் கிடைத்தது, 1984இல் உரிமையை 26,000 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். 2008இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த மூல ஓவியத்தை 92,500 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த நாக்கை வைத்து எத்தனை பேர் வீடு கட்டியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கலைஞன் காசு பேசக் கூடாது என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் வருடக்கணக்காகச் சண்டை போட்டுவருகிறேன். பாடகர் பேசலாம், மேலாளர் பேசலாம், அரங்கக்காரர் பேசலாம், டிக்கெட் விற்கிறவர் வாய் ஓயாமல் பேசலாம். போஸ்டர் வரைந்தவர் வாயைத் திறந்தால் மட்டும் கலைக்கே தீட்டு வந்துவிடுகிறது. உங்கள் கேள்வியிலும் அந்த வாடை அடிக்கிறது. கூலி வாங்கியவனுக்குத்தான் கணக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தவன் வரைந்தால்தான் கேலி உறைக்கும்.

வெஸ் வில்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கத்தில் பில் கிரஹாம் என்ற கச்சேரி ஏற்பாட்டாளர் கச்சேரிகள் நடத்தத் தொடங்கியபோது, போஸ்டர் போட்டுக் கொடுத்தவர் வில்சன். வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலரின் எழுத்து வடிவத்தை எடுத்து, உருக்கி, நெளித்து, எழுத்துகளாலேயே பக்கத்தை நிரப்பினார். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே காற்றுகூடப் புகாது. யார் பாடுகிறார்கள், எந்தத் தேதி என்று தெரிந்துகொள்ளவே ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். விளம்பரத்துக்கு இது ஆகாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். நடந்தது என்னவென்றால், ஒட்டிய போஸ்டரை ஜனங்கள் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கிழித்துக்கொண்டு போகிறார்கள் என்றால் விற்கலாம் என்று அர்த்தம். விற்பனை தொடங்கியது, கூடவே பங்குத் தகராறும் தொடங்கியது. 1967 மே மாதம் வில்சன் கிரஹாமை விட்டு விலகினார். போகிற போக்கில் வரைந்த கடைசிப் போஸ்டரில் ஒரு பாம்பு. அதன் பற்களுக்கு நடுவே டாலர் குறி.

எனக்கு இந்தப் பாம்பு மிகவும் பிடிக்கும். காரணம், அது பொதுவாகப் பேராசையைத் திட்டவில்லை. இன்ன அரங்கம், இன்ன முதலாளி, இன்ன பாக்கி என்று குறிபார்த்துக் கொத்துகிறது. இன்றைக்கு வருகிற கிண்டல் போஸ்டர்களில் பாதிக்கு மேல் சோம்பேறித்தனம். பாடகரின் கண்ணில் டாலர், கிதாரில் பார்கோடு, மேடையில் ஒரு பன்றி. இதை எந்தக் குழுவுக்கு வேண்டுமானாலும் போடலாம். அதனாலேயே எந்தக் குழுவுக்கும் வலிக்காது. வலிக்க வேண்டும் என்றால் ஒப்பந்தத்தைப் படித்திருக்க வேண்டும். 1981இல் ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஜோவன் என்ற வாசனைத் திரவிய நிறுவனம் பணம் போட்டது. கலகம் பாடியவர்கள் மேல் சென்ட் அடித்து அனுப்பிய அந்த ஒரு விஷயம் போதும், நல்ல ஓவியன் ஒரு வருடம் வரைவான். பன்றி எதற்கு?

இப்போது உங்கள் ஜேமி ரீட். அவரைக் கூலிக்கு வந்தவர் என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அவர் பிஸ்டல்ஸ் மேலாளர் மால்கம் மெக்லாரனின் கலைக்கல்லூரிச் சிநேகிதர். குழுவின் முகத்தையே உருவாக்கியவர். 1976இல் அவர் செய்த போஸ்டரை நெருங்கிப் பாருங்கள். பிரிட்டிஷ் கொடி கந்தலாகக் கிழிந்திருக்கும். கிழிந்த துண்டுகளை ஊக்கும் காகிதக் கிளிப்பும் பிடித்து நிறுத்தியிருக்கும். ராணியின் வெள்ளிவிழா வருடமான 1977இல், ராணியின் கண்ணையும் வாயையும் மறைத்து அதன் மேல் பத்திரிகையிலிருந்து வெட்டிய எழுத்துகளை ஒட்டினார். பணம் கேட்டுக் கடத்தல்காரன் அனுப்பும் கடிதத்தின் எழுத்து அது. அதே 1977இல்தான் ஏ அண்ட் எம் என்ற ரெக்கார்டு நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்து, ஆறே நாளில் கைகழுவியது. ஈஎம்ஐ என்ற இன்னொரு ரெக்கார்டு நிறுவனம் அதற்கு முன்பே கைகழுவியிருந்தது. இரண்டு நிறுவனத்திடமிருந்தும் குழுவுக்கு நஷ்டஈட்டுப் பணம் வந்தது. கடைசியில் வர்ஜின் நிறுவனம் சேர்த்துக்கொண்டது.

1978 ஜனவரியில் குழு உடைந்தது. உடைந்த பிறகும் ரெக்கார்டு வந்துகொண்டே இருந்தது. 1979இல் வந்த ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒற்றைப் பாட்டு ரெக்கார்டுக்கு, ரீட் உறை வடிவமைத்தார். உறையை அப்படியே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கிரெடிட் கார்டுபோல ஆக்கிவிட்டார். இல்லாத குழுவை வைத்துக் காசு பண்ணுகிறார்கள் என்பதை இதைவிடப் பளிச்சென்று சொல்ல முடியாது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வக்கீலை அனுப்பியது, உறை திரும்பப் பெறப்பட்டது. ஒரு போஸ்டர்க்காரனுக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைக்குமா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1996இல் பிஸ்டல்ஸ் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'ஃபில்தி லூக்கர்', அழுக்குக் காசு. அதை நான் மதிக்கிறேன், சொல்லிவிட்டு வாங்கினார்கள். 2015இல் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வர்ஜின் மணி என்ற வங்கி, ரீடின் பிஸ்டல்ஸ் வடிவங்களை அச்சடித்துக் கிரெடிட் கார்டு வெளியிட்டது. உறையில் வந்த போலி அட்டையைச் சட்டத்தைக் காட்டி நிறுத்தினார்கள். 36 வருடம் கழித்து அதே கையின் எழுத்தோடு நிஜ அட்டையே வந்தது, வட்டியோடு. ரீட் 2023இல் காலமானார். துரோகம் என்ற சொல்லை எங்காவது பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், இங்கே பயன்படுத்துங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

குழுவே தன்னைக் கிண்டலடித்துக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997இல் யூ2 என்ற ஐரிஷ் ராக் குழு தன் பாப்மார்ட் சுற்றுப்பயணத்தை நியூயார்க்கில் கேமார்ட் என்ற மலிவு விலைப் பல்பொருள் கடைக்குள் வைத்து அறிவித்தது. மேடையில் பிரம்மாண்டமான மஞ்சள் வளைவு, கண்ணாடி பதித்த ராட்சச எலுமிச்சை. நுகர்வுப் பைத்தியத்தைக் கேலி செய்கிறோம் என்றார்கள். 2014இல் அதே குழு தன் ஆல்பத்தை ஆப்பிளோடு சேர்ந்து சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில், யாரும் கேட்காமலே போட்டுவிட்டது. அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனியாக ஒரு பக்கம் திறக்க வேண்டியிருந்தது. கேலியைத் தானே பேசி முடித்துவிட்டால், மற்றவர்கள் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது என்று நம்புகிறார்கள். மிச்சம் இருக்கிறது, நான் கேட்கிறேன்.

போஸ்டர் ஓவியர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஸ்கிரீன் பிரிண்ட் என்பது உடம்பு நோகிற வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய ஒரு சட்டம், ஒவ்வொரு சட்டத்திலும் ரப்பர் பட்டையால் மை இழுத்து, காயவைத்து, அடுத்த நிறம். ஒரு நூல் நகர்ந்தாலும் உதடு ஓரிடம், சிவப்பு ஓரிடம் என்று ஆகிவிடும். அத்தனை பாடுபட்டு வியாபாரத்தைக் கிழிக்கிற போஸ்டரை அடித்துவிட்டு, கீழே பென்சிலால் எண் போட்டு, கையெழுத்து வைத்து, குறைந்த பிரதிகளே உண்டு என்று விற்கிறார்கள். விற்கட்டும், அது அவர்கள் சோறு. ஆனால் வாங்குகிறவர்களில் பலர் அதைச் சுவரில் மாட்டுவதில்லை. குழாயில் சுருட்டி வைத்து, விலை ஏறியதும் கைமாற்றிவிடுகிறார்கள். கூடுதலாகப் பத்து பிரதி அடித்துக் கச்சேரி வாசலில் ஒட்டுங்கள், கிழித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். அந்தப் படம் போய்ச் சேர வேண்டியவர்கள் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

சரி, துரோகம். வில்சனின் பாம்பு படத்துக்கே வருகிறேன். ஃபில்மோர் போஸ்டர்களைச் சேகரிப்பவர்கள் பி.ஜி. என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் போட்டுத்தான் அடையாளம் சொல்வார்கள். பி.ஜி. என்றால் பில் கிரஹாம். தன்னைத் திட்டிய அந்தப் படத்தையும் கிரஹாம் அச்சடித்தார். அதுவும் அவர் பெயரிலுள்ள வரிசையில் ஓர் எண்ணோடுதான் இருக்கிறது, ஏலத்தில் விலைபோகிறது. வரைந்தவரைத் துரோகி என்கிறீர்கள். திட்டையும் சரக்காக்கி வரிசையில் வைத்தவரை என்ன சொல்லி அழைப்பீர்கள்? பதில் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.