எங்கள் வகுப்பார் என்ன ஆனார்கள்: பிளேனோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

எச்-1பி என்னும் வேலை விசாவில் டெக்சாஸின் பிளேனோவுக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், கல்லூரி நண்பர்களின் வாட்ஸாப் குழுவைத் திறந்தால் ஒருவர் பெங்களூரில் டைரக்டர் ஆகியிருக்கிறார், இன்னொருவர் டொராண்டோவில் வீடு வாங்கியிருக்கிறார் என்ற செய்திகளே கண்ணில் படுகின்றன என்றும், பல் மருத்துவரான உங்கள் மனைவியோ எச்-1பிக்காரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்து முடித்து இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டிவிட்ட எங்கள் வகுப்பார் இன்று எப்படி இருக்கிறார்கள், வந்தவர்கள் நன்றாக இருக்கிறார்களா, ஊரிலேயே தங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பது உங்கள் கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார் என்ன பதவியில் இருக்கிறார் என்ற செய்தியை வைத்து ஒரு குடும்பத்தின் நிலையைக் கணிக்க முடியாது. அந்த வீட்டில் வேலை செய்ய அனுமதி இல்லாதிருந்தவர் யார், எத்தனை ஆண்டுகள் அப்படி இருந்தார் என்று கேட்டுப் பாருங்கள், மீதி தானாகவே விளங்கும்.

நாங்கள் 1999-இல் காரைக்குடியில் மின்னணுவியல் பொறியியல் முடித்தவர்கள். எங்களுக்கு வாய்த்த காலம் அப்படி. ஆண்டுக்கு 65,000 என்றிருந்த எச்-1பி எண்ணிக்கையை அமெரிக்க அரசு முதலில் 1,15,000 ஆகவும் பிறகு 1,95,000 ஆகவும் உயர்த்தியிருந்தது. எச்-1பிக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும், நீங்கள் பயந்து பயந்து காத்திருந்த குலுக்கலை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. சர்க்யூட் வரையப் படித்தவர்கள் சென்னையில் சில மாதங்கள் கணினி வகுப்புக்குப் போய்விட்டு விமானம் ஏறினார்கள். அடுத்து 2001-இல் டாட்காம் சரிவு வந்தபோது, ஆளெடுத்த கன்சல்டிங் கம்பெனிகள் பலரை வேலை எதுவும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளத்தை நிறுத்தின. வேலை போனால் 60 நாள் அவகாசம் என்று இன்று உங்களுக்கு இருக்கும் விதி 2017-இல்தான் வந்தது. அன்று அது கிடையாது என்பதால், எங்களில் கணிசமானவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

திரும்பியவர்களை உறவினர்கள் துக்கம் விசாரிப்பது போலவே விசாரித்தார்கள். பெண் பார்த்து வைத்திருந்த ஒருவனுக்குச் சம்பந்தமே கைவிட்டுப் போனது. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிகள் வரிசையாக எழும்பிய சமயத்தில் அவர்கள் அங்கே இருந்தார்கள். அமெரிக்க அனுபவம் இருந்ததால் முதல் வரிசையில் வேலை கிடைத்தது. நாவலூர்ப் பக்கம் மனை வாங்கியவர்களும் உண்டு. இன்று எங்கள் குழுவில் ஓய்வைப் பற்றித் தைரியமாகப் பேசுகிறவர்கள் அவர்கள்தான். இதைத் திறமை என்று அவர்களே சொல்வதில்லை, எனக்கும் அப்படித் தோன்றவில்லை.

இங்கேயே தங்கியவர்களின் கதை 2007 ஜூலையில் இரண்டாகப் பிரிந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேலையின் அடிப்படையில் தரப்படும் கிரீன் கார்டுகள், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைகள், ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. இந்தியர் வரிசை நீண்டுகொண்டே போனதற்குக் காரணம் இதுதான். 2007 ஜூன் மாதம் திடீரென்று, ஜூலையில் வரிசை எல்லாருக்கும் திறக்கப்படும், கம்பெனி போடும் குடியேற்ற மனுவான ஐ-140-இன் நிலையைத் தாண்டியவர்கள் மட்டுமன்றி, அதற்கு முந்திய படியாகத் தொழிலாளர் துறை தரும் லேபர் அனுமதி கையில் உள்ளவர்களும் இறுதி மனுவான ஐ-485-ஐத் தாக்கல் செய்யலாம் என்று அறிவிப்பு வந்தது. ஜூலை 2-ஆம் தேதி அதையே ரத்து செய்தார்கள். நம்மவர்கள் கோபத்தைக் காட்டக் குடியேற்றத் துறைத் தலைவருக்கு மலர்க்கொத்துகளை அனுப்பினார்கள். ஜூலை 17-இல் அரசு இறங்கி வந்து, ஆகஸ்டு 17 வரை மனு ஏற்கப்படும் என்றது.

விடுதியில் ஒரே அறையில் இருந்த இரண்டு நண்பர்கள் அப்போது நியூஜெர்சியில் இருந்தார்கள். ஒருவனுக்கு 2006-இல் அவன் கம்பெனி பெர்ம் என்னும் புதிய முறையில் லேபர் மனு போட்டு, விரைவிலேயே அனுமதியும் வந்திருந்தது. அவன் பிறந்தது சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில். பிறப்புப் பதிவு இல்லை. அவனுடைய அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்றை வாங்கி, தாய்மாமாவையும் பெரியப்பாவையும் நோட்டரி முன் நிறுத்தி, இவன் இன்ன நாளில் இன்னாருக்குப் பிறந்தவன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட வைத்துக் கூரியரில் அனுப்பினார். காசநோய்ப் பரிசோதனை ஊசி போட்டு, மருத்துவ அறிக்கையை மருத்துவர் ஒட்டித் தந்த உறையைப் பிரிக்காமல் வைத்து, கணவனும் மனைவியுமாகக் கெடு முடியுமுன் மனுவைச் சேர்த்துவிட்டார்கள். சில மாதங்களில் மனைவிக்கு வேலை அனுமதி அட்டை வந்தது. அவர் 2008-இல் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். இன்று அந்தப் பிரிவையே நடத்துகிறார். மனு ஆறு மாதம் நிலுவையில் இருந்தால் அதே வகை வேலைக்குக் கம்பெனி மாறலாம் என்ற விதியைப் பயன்படுத்தி அவனும் இரண்டு முறை மாறினான்.

மற்றவனுடைய கம்பெனி அவனுக்கு முந்தியே, 2004-இல், பழைய முறையில் மனு போட்டிருந்தது. தேங்கிக் கிடந்த அந்தப் பழைய மனுக்களையெல்லாம் பிலடெல்பியாவிலும் டல்லாஸிலும் இரண்டு அலுவலகங்களில் குவித்து வைத்திருந்தார்கள். இவனுடையது பிலடெல்பியாவில் கிடந்தது. ஆகஸ்டு 17-க்குள் லேபர் அனுமதி வரவில்லை. வந்தபோது கதவு மூடிவிட்டது. போட்டிருந்ததோ வேலை அடிப்படைக் கிரீன் கார்டில் மூன்றாம் பிரிவான இ.பி.-3. அதற்கப்புறம் 2015 வரை ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே பதவி. அவன் மனைவி எங்கள் வகுப்பிலேயே படித்தவள். முதல் மூன்று பேரில் ஒருத்தி. நெட்வொர்க் தியரியில் நாங்கள் பாதிப் பேர் தேறியது அவளுடைய நோட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துப் படித்துத்தான். எச்-4-இல் இருப்பவர்கள் வேலை செய்யலாம் என்ற விதி 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஒரு பள்ளியில் கணித உதவியாசிரியையாக இருக்கிறாள். குழுவில் அவன் வீட்டுப் படம் வந்தால் எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் எழுதுவதில்லை.

இந்த இருவருக்கும் இடையே மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை, உழைப்பில் இல்லை, ஆங்கிலத்தில் இல்லை. ஒருவன் மனு எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம். ஆகவே குழுவில் வரும் செய்தியைப் படித்துவிட்டு, நாம் சோடை போய்விட்டோமோ என்று நீங்கள் குமைவதில் அர்த்தமில்லை.

தாமதமாக, 2009-இல் வந்த ஒரு நண்பனுக்கு வேறு விதமான சிக்கல். சென்னையில் பிறந்து சிறு குழந்தையாக வந்த அவன் மகளுக்கு 21 வயது ஆனபோதும் அவர்கள் வரிசை வரவில்லை. 21 நிறைந்தால் பிள்ளை பெற்றோரின் விசாவில் தொடர முடியாது. அந்தப் பெண் தான் வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவியாக விசா மாற்றிக்கொண்டு படிக்கிறாள். இங்கே பிறந்த அவளுடைய தம்பிக்கோ எந்தக் கவலையும் இல்லை. ஒரே வீட்டில் அக்காவும் தம்பியும் இப்படி இருப்பதைப் பார்க்கிற பெற்றோருக்கு மனம் என்ன பாடுபடும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மற்ற நாடுகளுக்குப் போனவர்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் போனவர்களுக்கு ஊருக்கு வந்து போக நான்கு மணி நேரம்தான். பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்கள் எங்களில் அவர்கள்தான். நிரந்தரவாசம் வாங்கிய குடும்பத்தின் ஆண்பிள்ளைகள் இரண்டாண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும் என்பதால், மகன் பதினாறை எட்டும்போது வீட்டில் ஒரு பெரிய விவாதம் நடக்கும். துபாயில் இருப்பவன் நன்றாகச் சேர்த்திருக்கிறான், ஆனால் பிள்ளைகளின் மேற்படிப்புக்காகக் குடும்பத்தைத் திருச்சியில் வைத்துவிட்டுப் பல ஆண்டுகளாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான். வேலை முடிந்தால் கையில் வருவது பணிக்கொடை. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் 30 நாள். அதைக் கணக்குப் பார்த்தே அவன் ஊர் திரும்பும் தேதியைத் தள்ளிக்கொண்டு போகிறான்.

ஊரிலேயே இருந்தவர்களில் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து இன்று செயற்பொறியாளராக இருப்பவனைத்தான் அந்தக் காலத்தில் அதிகம் கேலி செய்தோம். புயல் வந்தால் அவனுக்கு இரவுபகல் தூக்கம் கிடையாது. மற்றபடி பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம், வீடு எல்லாம் ஒரே ஊரில். தனியார் பொறியியல் கல்லூரிகளில் விரிவுரையாளராகப் போனவர்கள்தான் உண்மையில் அடிபட்டவர்கள். தமிழ்நாட்டில் அந்தக் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருந்த காலத்தில் வேலைக்குக் குறைவில்லை; பின்னர் இடங்கள் நிரம்பாமல் போனபோது பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும், மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாக அனுப்பப்பட்டவர்களும் உண்டு. முனைவர் பட்டம் பெற்ற ஒருவன் இப்போது தன் மாமனாரின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அவனைப் பற்றியும் குழுவில் செய்தி வருவதில்லை.

பெற்றோரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2004 ஜூலையோடு பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பிக்கும் வசதியை எச்-1பிக்காரர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து, ஊருக்குப் போனால் தூதரகத்தில் நேர்காணல், கூடுதல் விசாரணை என்று மாட்டிக்கொண்டு வேலையை இழப்போமோ என்ற பயத்தில் பலர் போகாமலே இருந்தார்கள். தகப்பனாருக்குக் கொள்ளி வைக்கப் போக முடியாதவர்கள் எங்கள் வகுப்பில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். உங்கள் விசா முத்திரை செல்லுபடியாகும் காலத்திலேயே ஒருமுறை ஊருக்குப் போய் வந்துவிடுங்கள்; அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மனைவிக்கு எச்-4 வேலை அனுமதி கிடைக்க உங்கள் ஐ-140 ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும், அல்லது உங்கள் எச்-1பி வழக்கமான ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே கம்பெனியில் சம்பள உயர்வைவிட முதலில் பெர்ம் எப்போது தொடங்குவீர்கள் என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். ஐ-140 ஒப்புதல் வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்தாண்டுக்கு மேல் பின்தங்கி நிற்கிறது என்பதால், கிரீன் கார்டு வந்த பிறகு அவர் படிக்கலாம் என்று காத்திருப்பது சரிவராது. எச்-4-இல் வேலை செய்யத்தான் தடை, படிக்கத் தடையில்லை.

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் மனைவி உங்கள் மனைவியைப் போலவே சென்னையில் பி.டி.எஸ். முடித்தவர். இந்தியப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே நேரடியாக உரிமம் பெறுவது அரிது என்பதால், தேசியப் பல் மருத்துவத் தேர்வை எழுதி, வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்றே பல்கலைக்கழகங்கள் நடத்தும் இரண்டு முதல் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தார். கட்டணம் பெரும்பாலும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகும். அவர்கள் வீடு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள், குழுவில் அதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். இன்று அவர் ஃபோர்ட் வொர்த்தில் பல் மருத்துவராக இருக்கிறார். அவன் பெயரை அங்கே யாருக்கும் தெரியாது, டாக்டர் அம்மாவின் வீட்டுக்காரர் என்றால்தான் தெரியும், அதில் அவனுக்குப் பெருமையும்கூட. உங்கள் மனைவிக்கு விருப்பமிருந்தால் அவரோடு பேச ஏற்பாடு செய்கிறேன். தேர்வுக்குப் பதிவு செய்யக் கல்லூரியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் மதிப்பெண் ஆவணங்கள் வர வேண்டியிருக்கும். நேரில் போய்க் கேட்க ஆளில்லாவிட்டால் அது நகராது. ஊரில் உங்கள் மாமனாரோ மைத்துனரோ போகக்கூடிய நிலையில் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.