வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: பயண நாள் கேள்வி பதில்

முதல் முறையாக விமானம் ஏறுகிற மாணவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரர்களும் கேட்டவற்றில், பயண நாளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த நாளில் தூக்கம் இருக்காது, பதற்றம் இருக்கும். அதனால் முடிவுகளை எல்லாம் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

கேள்வி: அக்கா, இரண்டு நிறுவனத்தில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் விலை குறைகிறது. நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது, போதுமா?

வேண்டாம் தம்பி. தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடும். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. பெட்டி விஷயமும் இருக்கிறது: பல நேரம் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டிவரும், அதற்கு வெளியே வர வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல் விமானம் மாற முடியாது, அதனால் விசாவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்த வழியை எடுக்கவே கூடாது.

கேள்வி: கையில் வைத்திருக்கும் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். போய் இறங்கியதும் முதலில் குடியேற்ற அதிகாரி, அதற்கு அப்புறம்தான் பெட்டி வரும் பெல்ட். அவர் கேட்கக்கூடிய எதுவும் பெட்டிக்குள் இருந்தால் எடுத்துக் காட்ட வழியே இல்லை. அமெரிக்கா போகிறவர்களுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், கனடா போகிறவர்களின் படிப்பு அனுமதிக் கடிதம், சேர்க்கைக் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, தங்கப்போகும் இடத்தின் முழு முகவரி, எல்லாம் அச்சிட்ட தாளாக ஒரே உறையில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். போனில் இருக்கிறதே என்று சொல்வீர்கள். பல மணி நேரப் பயணம் முடிந்து வரிசையில் நிற்கும்போதுதான் சார்ஜ் தீரும்.

தினமும் சாப்பிடும் மருந்தும் இதே பையில்தான். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு வையுங்கள், கூடவே மருந்தின் பொதுப்பெயர் (ஜெனரிக் பெயர்) எழுதிய சீட்டு. ஒரு மாற்றுடை. ஒரு பேனாவும் வேண்டும், சில நாடுகளில் இறங்கும்போது படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் எடுத்துப் போகலாமா?

போகலாம். 20,000 எம்ஏஎச் என்பது 20 ஆம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கிப் பார்த்தால் 74 வாட்-மணி வருகிறது, பொதுவான வரம்பு 100. ஆனால் கைப்பையில் மட்டும்தான், பெட்டியில் போடவே கூடாது. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தச் சில நிறுவனங்கள் விடுவதில்லை, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இடமில்லை என்று வாசலில் உங்கள் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்பச் சொன்னால், கொடுப்பதற்கு முன் பவர் பேங்கை வெளியே எடுங்கள். கடவுச்சீட்டையும் உறையையும் மருந்தையும் கூட. அவசரத்தில் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஒரே பெட்டியில் 35 கிலோ கொண்டுபோகலாமா?

முடியாது. கூடுதல் பணம் கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். இரண்டாகப் பிரியுங்கள், வீட்டிலேயே எடை போடுங்கள்.

கேள்வி: பெட்டி வரவில்லை என்றால்?

கவுண்டரில் பெட்டியைக் கொடுத்ததும் கைப்பிடியில் ஒரு நீளத் தாளைச் சுற்றுவார்கள், அதில் பெரிதாக மூன்றெழுத்துக் குறியீடு இருக்கும். அது நீங்கள் கடைசியாக இறங்கும் விமான நிலையத்தின் குறியீடுதானா என்று அங்கேயே நின்று படியுங்கள். நடுவில் மாறும் ஊரின் குறியீடு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். உங்களுக்குத் தரும் சிறு ஒட்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பெட்டியைத் திறந்தபடி ஒரு போட்டோ, மூடிய பிறகு ஒரு போட்டோ.

அப்படியும் வரவில்லையா, விமான நிலையத்தை விட்டு வெளியே போவதற்கு முன்பே நிறுவனத்தின் கவுண்டரில் புகார் எழுதி எண் வாங்கிவிடுங்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான பெட்டிக்கு அதைப் பெற்ற 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்குக் கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். இடையில் வாங்கும் துணிமணி, பல் துலக்கும் பொருள் போன்ற அவசியமானவற்றின் ரசீதை வைத்திருங்கள், நியாயமான செலவைக் கேட்டு வாங்கலாம்.

கேள்வி: போனதும் தூக்கம் சரியாக எத்தனை நாள் ஆகும்?

ஒரு மணி நேர வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போவதுதான் கஷ்டம்: பெரும்பாலோரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவதால், தாமதமாகத் தூங்குவது எளிது, சீக்கிரம் தூங்குவது கடினம். பகலில் வெளிச்சத்தில் நடங்கள், தாங்கவே முடியாவிட்டால் அரை மணி நேரம் மட்டும் படுங்கள். வாடகை ஒப்பந்தம் மாதிரிப் பெரிய கையெழுத்து எதையும் முதல் நாளில் போடாதீர்கள்.

கேள்வி: மகள் தனியாகப் போகிறாள். நடுவில் போன் வராவிட்டால் பதறிவிடுவேன். என்ன செய்யலாம்?

பதறத்தான் செய்யும் அம்மா. விமான எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விமானம் எங்கே இருக்கிறது என்று இணையத்திலேயே பார்க்கலாம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், அதனால் இறங்கும் நேரத்தை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றி இப்போதே எழுதி வையுங்கள். பல விமான நிலையங்களில் இலவச வைஃபைக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைக் கேட்பார்கள், மகளின் சிம்மில் ரோமிங் இல்லாவிட்டால் அது வராது. கிளம்பும் முன் ரோமிங்கைப் போட்டுவிடுங்கள், வங்கியின் ஓடிபிக்கும் அந்த எண்தான் தேவைப்படும். இறங்கியதும் வரிசை, சோதனை, பெட்டி என்று இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். விமானம் தரை தொட்ட நேரத்திலிருந்து அவ்வளவு நேரம் போகட்டும், அதற்கு அப்புறமும் தகவல் இல்லை என்றால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். அந்த அலுவலகத்தின் எண்ணையும், வேலை நேரம் முடிந்த பிறகு எடுக்கும் அவசர எண்ணையும் மகளிடம் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.