அலாட்மெண்ட்டில் ஹோஸ் பைப் போடக் கூடாதாம். வாரம் இரண்டு நாள் மட்டும் போய்த் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு லண்டனில் அரைத் துண்டு அலாட்மெண்ட், அதாவது காய்கறி போட வாடகைக்கு விடுகிற பொதுத் தோட்ட நிலம், கிடைத்திருக்கிறது. வேலைக்குப் போகிறவர். பொதுத் தொட்டியில் பூவாளியால் மொண்டுதான் ஊற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். "இது நடக்கிற காரியமா, பக்கத்துத் துண்டுக்காரர்களோடு தண்ணீர்ச் சண்டை வருமா?" என்பது கேள்வி.

நடக்கும். சண்டையும் வரும். ஒன்பது வருடமாக வடமேற்கு லண்டனில் நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசி மூன்று வருடமாகத் தண்ணீர்ப் பொறுப்பும் என் தலையில். ஒரு கூட்டத்தில் "மீட்டரை யாராவது பார்க்கிறீர்களா?" என்று வாயைக் கொடுத்தேன், கேட்டவனுக்கே அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் சிவகங்கைப் பக்கம் கண்மாய் மடையைத் திறந்து மூடுகிறவரை நீர்பாய்ச்சி என்பார்கள். கடல் தாண்டி வந்து அந்த வேலைதான் பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னால் சிரிக்கிறார்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். அலாட்மெண்டை இன்னும் பழைய 'ராட்' கணக்கில்தான் அளக்கிறார்கள். முழுத் துண்டு 10 ராட், அதாவது ஏறக்குறைய 250 சதுர மீட்டர். உங்களுடையது 125. பாதை, ஷெட், உரக்குழி போக 80 சதுர மீட்டரில் பயிர் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் காய்கறிக்கு வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். ஆக வாரத்துக்கு 2,000 லிட்டர். பத்து லிட்டர் பூவாளியில் 200 தடவை. கைக்கு ஒன்றாகத் தூக்கினால் 100 நடை. தொட்டி 30 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர மொத்தம் 6 கிலோமீட்டர், அதில் பாதி தூரம் இருபது கிலோ சுமையோடு. முதல் கோடையில் நான் இதைச் செய்து பார்த்தேன். ஜூலை நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"லண்டனில்தான் எப்போதும் மழையாச்சே" என்று ஊரில் கேட்பார்கள். லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. சென்னையில் ஏறக்குறைய 1,400. இங்கே அதைத் தூறலாக வருடம் முழுக்கப் பிரித்துப் போடுவதால் குடை எப்போதும் பையில் இருக்கிறது, மண் மட்டும் ஜூலையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

அதனால் எல்லாவற்றுக்கும் ஊற்றுவது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நட்டுப் பத்து நாள் ஆகாத நாற்றுக்குக் கட்டாயம் ஊற்ற வேண்டும். தக்காளி, சுக்கினி, பூசணி, வெள்ளரிக்கு ஊற்ற வேண்டும். பீன்ஸுக்குப் பூ வந்த பிறகு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூ உதிரும். கீரைக்கும் வேண்டும், காய்ந்தால் உடனே பூத்துவிடும். உருளைக்கிழங்கு பூக்கிற சமயத்தில் இரண்டு தடவை நன்றாக ஊற்றினால் போதும். வெங்காயம், பூண்டு, வேர்பிடித்த கேரட் இவற்றையெல்லாம் வானத்திடம் விட்டுவிடலாம். என் துண்டில் கோடையில் உண்மையாகத் தண்ணீர் கேட்பது கால்வாசி இடம்தான். நூறு நடை இருபத்தைந்தாகிவிடும்.

எப்படி ஊற்றுவது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் துண்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்குகிறார். நான் பூவாளித் தலையை மாட்டிக்கொண்டு தக்காளி வரிசை மேல் மழை மாதிரி தூவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, நீங்கள் இலைக்குத் தண்ணி காட்டுறியள். வேருக்கு ஊத்துங்கோ" என்றார். பிறகு உள்ளே வந்து, நான் ஊற்றி முடித்த இடத்தில் விரலை விட்டுக் கிளறிக் காட்டினார். மேலே ஒரு விரல்கடை கறுப்பாக ஈரம். அதற்குக் கீழே சாம்பல் மாதிரி புழுதி. நான் முக்கால் மணி நேரம் ஊற்றியிருந்தேன்.

அன்றிலிருந்து அவர் முறைதான். செடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கிண்ணம் மாதிரி பாத்தி கட்டிவிடுவேன். பூவாளித் தலையைக் கழற்றிவிட்டு, கால் பூவாளி ஊற்றி மண்ணை நனைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போவேன். வரிசை முடிந்ததும் திரும்பி வந்து மீதியை ஊற்றுவேன். இந்த இரண்டாவது சுற்றில்தான் விஷயமே இருக்கிறது. இங்கே லண்டன் களிமண். காய்ந்து வெடித்திருக்கும்போது ஒரே மூச்சில் ஊற்றினால் தண்ணீர் வெடிப்பு வழியே நேராகக் கீழே ஓடிவிடும், வேர்ப்பக்கம் தங்காது. முதலில் நனைத்து விட்டால் மண் கொஞ்சம் உப்பி வாயை மூடிக்கொள்ளும், அப்புறம் ஊற்றுவது நிற்கும். இப்படி ஊற்றினால் தக்காளிக்கு வாரம் இரண்டு தடவை தாராளம். இலை நனையாததால் பிளைட் என்கிற இலைக்கருகல் நோய் வருவதும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஒரு வாரம் வெள்ளம், ஒரு வாரம் வறட்சி என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தக்காளியின் அடி கறுத்து அழுகும், சுண்ணாம்புச் சத்துக் குறை என்று எதையோ வாங்கிப் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணில் இருக்கும், அதைக் காய் வரைக்கும் தூக்கிப் போகத் தண்ணீர்தான் ஒழுங்காக வந்திருக்காது.

நனைத்த பிறகு மூடாக்கு. மரம் வெட்டுகிறவர்கள் சில்லுகளைப் பல தோட்டங்களில் சும்மாவே கொட்டிவிட்டுப் போவார்கள், கேட்டுப் பாருங்கள். நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள். காய்ந்த மண் மேல் போட்டால் மழைத் தண்ணீரையும் உள்ளே விடாது, அதனால் ஈர மண்ணில் மட்டும். ஜூனுக்கு முன்பு போட்டால் அடியில் நத்தைகள் குடும்பம் நடத்தும்.

ஷெட் கூரையை வீணாக்காதீர்கள். ஆறடிக்கு எட்டடி ஷெட் என்றால் கூரை சுமார் நாலரை சதுர மீட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழையில் 2,700 லிட்டர் விழுகிறது, சிந்தியது போக 2,000 பிடிக்கலாம். 200 லிட்டர் டிரம் ஒன்று வைத்தால் அக்டோபரிலேயே நிறைந்து வழிந்துகொண்டிருக்கும், எனவே இரண்டு மூன்றைப் பக்கவாட்டில் இணைத்துவிடுங்கள். உறைபனியில் குழாய் வெடித்துவிடும் என்று நவம்பர் வாக்கில் பொதுத் தண்ணீரை நிறுத்தினால் திரும்பத் திறக்க மார்ச் கடைசி, சில இடங்களில் ஏப்ரல். அந்த இடைவெளியில் நாற்றுக்கு டிரம் தண்ணீர்தான் கதி. 2025 வசந்தம் இங்கிலாந்தில் நூறாண்டுக்கு மேல் காணாத வறட்சி. எங்கள் தோட்டத்தில் அந்த ஏப்ரலில் டிரம் வைத்தவர் யார், வைக்காதவர் யார் என்பது பட்டாணிப் பாத்தியைப் பார்த்தாலே தெரிந்தது. பழைய 1,000 லிட்டர் கூண்டுத் தொட்டி மலிவாகக் கிடைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கறுப்புத் துணியால் மூடாவிட்டால் ஒரே மாதத்தில் பாசி.

சரி, ஹோஸ் ஏன் கூடாது? கிழவர்கள் பிடிவாதம் என்று நானும் நினைத்தேன். காரணம் இருக்கிறது. தொட்டிக்குள் ஹோஸ் முனை கிடக்கும்போது தெருக் குழாயில் அழுத்தம் சட்டென்று குறைந்தால், தொட்டித் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு ஊர்க் குடிநீரில் கலக்கலாம். அதில் உரம், எருக்கரைசல், செத்த எலி எல்லாம் இருக்கும். இதைத் தடுக்கவே 1999 ஆம் ஆண்டின் நீர்க்குழாய் விதிகள் இருக்கின்றன. தொட்டியில் மிதவை வால்வு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டு இருப்பதும் அதனால்தான். இன்னொன்று, நாலு பேர் ஒரே நேரத்தில் ஹோஸ் பிடித்தால் கடைசித் துண்டில் சொட்டுதான் வரும். ஹோஸ் ஒரு மணி நேரத்தில் 1,000 லிட்டர் வரை குடித்துவிடும், பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. பூவாளிக்காரருக்குத் தோள் சொல்லிவிடும்.

2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40 டிகிரியைத் தாண்டியது. ஆகஸ்ட் 24 முதல் லண்டனில் ஹோஸ் தடை. தடை அலாட்மெண்டுக்கும் பொருந்தும், ஆனால் பூவாளிக்கு இல்லை. மற்ற தோட்டக்காரர்கள் புலம்பினார்கள், எங்களுக்கு வழக்கமான நாளாகத்தான் போனது.

சண்டைக்கு வருவோம். பெரும்பாலும் அது பணத்தில் ஆரம்பிக்கும். மீட்டர் ஒன்று, பில் ஒன்று, துண்டின் அளவைப் பொறுத்துப் பங்கு. வாரம் ஐம்பது பூவாளி ஊற்றுகிறவரும் ஐந்து ஊற்றுகிறவரும் ஒரே தொகை. நியாயமில்லைதான். ஆனால் ஆளுக்கு ஒரு மீட்டர் வைக்கிற செலவில் பத்து வருடத் தண்ணீர் வாங்கலாம் போலிருக்கிறது.

நான் பொறுப்பேற்ற முதல் வருடம் அரையாண்டு பில் ஏறக்குறைய இரட்டிப்பாக வந்தது. உடனே எல்லோர் கண்ணும் டேலியா வளர்க்கிற ஒரு பெரியவர் மேல். விடிகாலையில் ஹோஸ் போடுகிறார், பேட்டரி பம்ப் வைத்திருக்கிறார் என்று கதை. ஒரு சனிக்கிழமை இருட்டிய பிறகு எல்லாத் தொட்டி வால்வுகளையும் அடைத்துவிட்டு மீட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே குட்டிச் சிவப்புச் சக்கரம் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் குழாய்த் தடத்தின் மேலேயே நடந்தேன். ஆகஸ்ட் மாதம், புல்லெல்லாம் வைக்கோல் நிறம். ஓரிடத்தில் மட்டும் காஞ்சொறிச் செடி இடுப்புயரம், பச்சைப் பசேல் என்று. கவைக்கோலைக் குத்தினேன், சேறு. பழைய இரும்புக் குழாயின் மூட்டு துருப்பிடித்து விட்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்தாலும் நாளைக்கு 1,440 லிட்டர், 144 பூவாளி. டேலியாக்காரரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் ஒரு பூசணி கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை மீட்டர் எண்ணை வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுகிறேன். பயன்பாடு பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஒருவரையொருவர் சந்தேகப்படுவது குறைந்திருக்கிறது. உங்கள் கமிட்டியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், செலவில்லாத காரியம்.

தொட்டியில் கை, மண்வெட்டி, முட்டைக்கோசு வேர் எதையும் கழுவாதீர்கள். முட்டைக்கோசு வேரை வீங்க வைக்கும் கிளப்ரூட் நோய் மண்ணில் பல வருடம் கிடக்கும், தொட்டி வழியாக ஊர் முழுக்கப் பரிமாறலாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொட்டியடியில் வரிசை நிற்கும், அப்போது போய் இரண்டு பூவாளியோடு ஒரு டிரம்மையும் நிரப்பினால் பெயர் கெடும். புதன் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போங்கள், கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆளும் இருக்காது, ஊற்றிய தண்ணீர் இரவு முழுக்க மண்ணில் இறங்கும். இன்னொரு நாள் ஞாயிறு காலை, எட்டு மணிக்கு முன்.

ஆகஸ்டில் ஊருக்குப் போகிற இரண்டு மூன்று வாரம்தான் சிக்கல். பக்கத்துத் துண்டில் யாரையாவது இப்போதே பழக்கிக்கொள்ளுங்கள். சுக்கினி எல்லோரிடமும் மிதமிஞ்சிக் கிடக்கும், அதைக் கூலியாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். என் அக்காவுக்கு ஊரிலிருந்து ஒரு கிலோ கருவாடு, அதுவும் நெத்திலி. போன வருடம் திரும்பி வந்தபோது என் மிளகாய்ச் செடிகள் நான் வளர்த்ததைவிட நன்றாக இருந்தன.